சோலா

கேட்டது ஒரு முதுகுதான்.
குவோப்பியோவின் மூன்றாம் பிரிவு ஐஸ் ஹாக்கி அணி,
இடது விங்கில் ஆடுகிறவன்,
போன கோடையில் மணம் முடித்து
மனைவியின் பெயரையும் தன்னோடு ஒட்டிக்கொண்டவன்:
லாம்ஸா-பாக்கொனென்.
எங்கள் எழுத்தில் பதினான்கு, நடுவில் ஒரு கோடு.
தோளுக்குத் தோள் முப்பத்தொரு சென்டிமீட்டர்.
"சின்னதாகப் போட்டால் பெஞ்சிலிருந்து
எனக்கே தெரியவில்லை" என்றார் பயிற்சியாளர் தோர்ஸ்தி.

வட்ட ஓவில் தொடங்கினேன்.
இரு பக்கமும் பிடித்து அழுத்தினேன்.
லிஃப்டில் கடைசியாக ஏறியவர்
வயிற்றை உள்ளிழுத்து நிற்பாரே, அப்படி நின்றது.

கணினியிலேயே பக்கவாட்டில் நசுக்கிவிடலாமே
என்று கேட்காதவர் இல்லை.
நசுக்கினால் நிற்கும் கோடு மெலியும்,
படுத்த கோடு பருத்தபடியே கிடக்கும்.
துவைத்துச் சுருங்கிய சட்டைக்குள் அதே ஆள்.
ஒவ்வொன்றையும் முதலிலிருந்து வரையவேண்டும்,
அதுவும் கறுப்பை அல்ல,
கறுப்புக்குள் அடைபட்ட வெள்ளையை.
தட்டைத் தலை வைத்த முதல் எழுத்தின் வயிற்றில்
ஒரு ரை மணி நீளத்துக்குச் சன்னல். அதற்கு மூன்று வாரம்.
எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே எள் விழ இடமில்லை.
எங்கள் பேருந்து நிறுத்தத்தில்
மனிதர்கள் நிற்பதற்கு நேர்மாறு.

சோலா என்று பெயரிட்டேன்.
இரு பாறைக்கு இடையே
ஆள் ஒருக்களித்துப் போகும் வழிக்கு அதுதான் சொல்.

வம்பு, புள்ளியில் வந்தது.
எங்கள் உயிர்களில் சிலவற்றுக்குத் தலையில் இரட்டைப் புள்ளி.
அது விழுந்துபோனால்
"அவனைப் பார்த்தேன்" என்பது "அவனை மணந்தேன்" ஆகும்;
பள்ளியில் எல்லாரும் சிரித்த பிழை.
வரியை வரிமேல் நெருக்கும் சுவரொட்டியில்
புள்ளி, மேல்வரியின் காலைக் குத்தியது.
அதனால் மண்டைக்குள்ளேயே இறக்கினேன்,
இரண்டு துளையாக.
அழகு என்றார்கள்.
ஹெல்சின்கியில் ஒரு சின்னப் பரிசுகூட.

அதன்பின் அது என் பேச்சைக் கேட்கவில்லை.
துறைமுகச் சந்தையில் வறுத்த முயிக்கு மீன், தட்டு ஒன்பது யூரோ.
நகராட்சித் தேர்தலில் இரண்டு கட்சிகள்
ஒரே எழுத்தில் ஒன்றையொன்று பொய்யர் என்றன.
வெயொ நூத்தினென் காலணிக் கடையின் கண்ணாடியில்
"எல்லாம் தீர்கிறது", ஆள் உயரத்துக்கு.
அதை அது அவ்வளவு நன்றாகச் சொன்னது,
எதிர்ச்சாரிக்கு மாறி நடந்தேன்.
இரங்கல் அட்டைக்குக் கேட்டவரிடம் மட்டும் மறுத்தேன்:
வேண்டாம், கத்தும்.

மார்ச் கடைசியில் ஏரிமேல் பலகை நட்டார்கள்.
சிவப்பில் வெள்ளைத் தகட்டு எழுத்து, இரண்டே சொல்:
வலுவற்ற பனிக்கட்டி.
இரவெல்லாம் ஈரப்பனி.
காலையில் கரையிலிருந்து பார்க்கிறேன்,
சன்னல்கள் தப்பியிருந்தன, துளைகள் அடைந்துவிட்டன.
புள்ளி இல்லாத அந்தச் சொல்லுக்கு
எங்கள் மொழியில் "பங்கிடுகிறாய்" என்று பொருள்.

பலகைக்கு அப்பால்
வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து
ஒருவர் தூண்டிலை ஆட்டிக்கொண்டிருந்தார்.
கூப்பிட்டேன்.
என் குரல் மெலிசு, அகலம்;
ஏரி முழுக்கப் பரவி யாரிடமும் போய்ச் சேரவில்லை.
அவர் ஒரு பெர்ச் மீனைத் தூக்கிக் காட்டினார்.
"படித்தேன்! ஒன்று உனக்கு!"

பலகைவரை எப்படிப் போனேன் என்று தெரியாது.
கையுறையைக் கழற்றி நகத்தால் நோண்டினேன்,
ஒன்று, இரண்டு, மூன்று,
நான்காவது உறைந்திருந்தது, ஊதினேன்.
அடியில் எங்கோ ஏரி ஒருமுறை முனகியது.
அவர் தலையைச் சாய்த்து மறுபடி படித்தார்.
வாளியை எடுத்தார்.
ஓடவில்லை; காலைத் தூக்காமல் தேய்த்துத் தேய்த்து வந்தார்.
மீனையும் மறக்காமல் தந்தார்.

இப்போது புள்ளிகள் வெளியே, தலைக்கு மேலே.
மேல்வரியைக் குத்துகின்றன. குத்தட்டும்.
தோர்ஸ்தி மட்டும் திங்கள்தோறும் அழைக்கிறார்:
பத்துப் புள்ளியும் காலருக்குள் ஏறி
பையனின் கழுத்தை அரிக்கிறதாம்.